வாயை மூடி சிரிக்கச் சொல்லாதீங்க

"வாயை மூடி சிரி பாப்பா."

ஒரு கல்யாண மேடையில, போட்டோ எடுக்க வந்தவர் என் அக்கா பொண்ணைப் பார்த்துச் சொன்னது இது. அவளுக்கு மேல் முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் முன்னால தள்ளி இருக்கும். சொன்னவர் கெட்டவர் இல்லை. படம் நல்லா வரணும்னு நினைச்சிருப்பார். ஆனா அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் எந்தப் படத்துலயும் உதட்டைப் பிரிக்கலை. தம்பி கோமாளித்தனம் பண்ணாக்கூட, கையை வாய்க்கிட்ட கொண்டுபோயிட்டுத்தான் சிரிக்கிறா.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கலை. அதான் எழுத உட்கார்ந்துட்டேன். நீளமாத்தான் போகும். டீ போட்டுக்கிட்டு வாங்க.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அன்னைக்குப் பந்தியில ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. "கிளிப் போட்டா சினிமாக்காரங்க மாதிரி சிரிப்பு வந்துடும்"னு ஒரு அத்தை. "இப்ப என்ன அவசரம், கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கலாம்"னு ஒரு பெரியம்மா. "இவளை விடு, என் பொண்ணு சிரிச்சா ஈறு தெரியுது, அதுக்கும் கிளிப்தானே?"ன்னு இன்னொரு சித்தி.

எல்லாம் அன்பாலதான் சொன்னாங்க. ஆனா ஒவ்வொண்ணுலயும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததாலதான் நம்ம ஊர்ல நிறைய பிள்ளைங்க சரியான வயசைத் தவறவிடுறாங்க. பணமும் போகுது, எதிர்பார்த்த சிரிப்பும் வர்றதில்லை.

அதனால அக்கா பொண்ணைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போனேன். நிறைய கேட்டேன், நிறைய படிச்சேன். தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

முதல் விஷயம். பல் வரிசை வேற, கடிப்பு வேற.

நாம சிரிக்கும்போது தெரியிறது மேல் முன்பல் வரிசை. ஆனா அந்த வரிசை எங்க நிக்கணும்னு முடிவு பண்றது மேல் தாடையும் கீழ் தாடையும் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பொருந்துதுங்கிறது. எங்க அம்மையார்குப்பம் தறி ஊரு, அதனால இப்படிச் சொன்னா சட்டுனு புரியும்: பாவு கோணலா ஏறிட்டா, ஊடை எவ்வளவு நேரா ஓடினாலும் புடவை சரியா வராது. தாடைதான் பாவு. பல்லு ஊடை.

இந்தப் பொருத்தத்தை முதல்ல ஒழுங்கா வகை பிரிச்சவர் எட்வர்ட் ஆங்கிள்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1899ல. மேலயும் கீழயும் முதல் பெரிய கடைவாய்ப் பல் (ஆறு வயசு வாக்குல முளைக்குமே, அது) எப்படி உட்காருதுன்னு பார்த்து மூணு வகையாப் பிரிச்சார். இன்னைக்கும் கிளிப் டாக்டருங்க "கிளாஸ் ஒன், கிளாஸ் டூ, கிளாஸ் த்ரீ"ன்னு சொல்றது அதைத்தான்.

ஒவ்வொண்ணா பார்ப்போம். ஏன்னா ஒவ்வொரு வகைக்கும் சிரிப்புல வர்ற சிக்கல் வேற வேற.

கிளாஸ் ஒன். கடைவாய் சரியாத்தான் உட்காந்திருக்கும். ஆனா முன்னாடி நெருக்கடி இருக்கலாம், சந்து இருக்கலாம், தெத்துப்பல் இருக்கலாம். நம்ம பக்கம் நிறைய பேருக்கு இதுலயே இன்னொரு மாதிரி இருக்கும். மேல்பல் கீழ்பல் ரெண்டுமே சேர்ந்து முன்னால சாஞ்சிருக்கும். உதடு மூடினா முகவாய்ல சதை சுருங்கும். இதுக்கு வழக்கமா பண்றது, நாலு பக்கமும் சின்னக் கடைவாய்ப் பல் ஒண்ணொண்ணு எடுத்துட்டு, அந்த இடத்துல முன்பல்லைப் பின்னால இழுக்கிறது.

("நல்ல பல்லை எடுப்பாங்களா?"ன்னு பதறாதீங்க. தேவைப்பட்டா எடுப்பாங்க. தேவையான்னு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.)

கிளாஸ் டூ. கீழ் தாடை பின்தங்கி இருக்கும். இதுல ரெண்டு ரகம். முதல் ரகத்துல மேல் முன்பல் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். என் அக்கா பொண்ணுக்கு இதுதான். சிரிக்கும்போது கீழ் உதடு மேல்பல்லுக்குப் பின்னால போய் மாட்டிக்கும். ரெண்டாவது ரகம் ஆளையே ஏமாத்திடும். நடு முன்பல் ரெண்டும் உள்ள சாஞ்சிருக்கும், பக்கத்துப் பல் ரெண்டும் வெளிய திரும்பி இருக்கும். மேல்பல் கீழ்பல்லை முக்கால்வாசி மூடிடும். "பல் நீட்டிக்கிட்டு இல்லையே, அப்புறம் என்ன?"ன்னு வீட்டுல விட்டுடுவாங்க. இந்த ரகத்துல சிரிக்கும்போது ஈறு அதிகமாத் தெரியிறது சகஜம்.

கிளாஸ் த்ரீ. கீழ் தாடை முன்னால இருக்கும், இல்லேன்னா மேல் தாடை சரியா வளர்ந்திருக்காது. இவங்க சிரிச்சா மேல்பல் குறைவாவும் கீழ்பல் அதிகமாவும் தெரியும். மனசுல எவ்வளவு சந்தோஷம் இருந்தாலும், பார்க்கிறவங்களுக்கு வயசான சிரிப்பு மாதிரி தோணும். காரணம் என்னன்னா, வயசு ஏற ஏற எல்லாருக்குமே மேல்பல் தெரியிறது குறைஞ்சு கீழ்பல் தெரியிறது கூடும். இவங்களுக்கு அது சின்ன வயசுலயே நடந்துடுது.

இந்த மூணுக்கும் குறுக்கே இன்னொண்ணு வரும். முன்பல் திறந்த கடிப்பு. கடைவாய் சேர்ந்திருக்கும், முன்னாடி மேல்பல்லும் கீழ்பல்லும் தொடவே தொடாது. தறி வீட்டுப் பிள்ளைங்ககிட்ட இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். இவங்களால நூலை முன்பல்லால கடிச்சு அறுக்க முடியாது, பக்கத்துப் பல்லுக்குக் கொண்டுபோவாங்க. (பல்லால நூல் அறுக்கிற பழக்கம் யாருக்குமே வேண்டாம். முன்பல் ஓரம் தேஞ்சு காடி விழும்.) விரல் சூப்புற பழக்கத்தை ரொம்ப நாள் விடாத பிள்ளைங்களுக்கு இது வரும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. இவங்க எல்லாரையும் ஒரே நாற்காலியில உட்கார வெச்சு, ஒரே மாதிரி கம்பியைக் கட்டி, ஒரே மாதிரி சிரிப்பை எதிர்பார்க்கிறது எப்படி நியாயம்?

சரி, நல்ல சிரிப்புன்னா என்னதான் பார்க்கிறாங்க? டாக்டருங்க பார்க்கிற முக்கியமான சில விஷயங்கள் இருக்கு.

மேல் முன்பல்லோட கீழ் விளிம்பையெல்லாம் சேர்த்து ஒரு கோடு போட்டா, அது கீழ் உதட்டோட வளைவுக்கு இணையா வளைஞ்சு போகணும். இதைச் சிரிப்பு வளைவுன்னு வெச்சுக்கலாம். டேவிட் சார்வர்ங்கிற அமெரிக்க டாக்டர் 2001ல இதைப் பத்தி எழுதினார். கம்பியைப் பிடிக்கப் பல்லு மேல ஒட்டுற பிராக்கெட்டை எல்லாருக்கும் ஒரே உயரத்துல ஒட்டினா, பல் என்னவோ நேராகிடும், ஆனா இருந்த வளைவு தட்டையாப் போயிடலாம்னு எச்சரிச்சார். அதாவது கடிப்பு சரியாகி, சிரிப்பு கெட்டுப்போறதும் நடக்கும்! எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

அடுத்தது, வாய் ஓரத்துல கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல தெரியிற இருட்டு இடம். மேல் தாடை குறுகலா இருந்தா இது அதிகமாத் தெரியும். இதுல ஆய்வாளர்களுக்குள்ளயே சண்டை. 2005ல ஒரு குழு, இருட்டு இடம் குறைவா, சிரிப்பு அகலமா இருந்தாத்தான் சாதாரண மக்களுக்குப் பிடிக்குதுன்னு சொன்னாங்க. அதே வருஷம் இன்னொரு குழு, அது இருந்தாலும் இல்லாட்டியும் மதிப்பெண்ல வித்தியாசமே இல்லைன்னு சொன்னாங்க. அதனால "உங்க சிரிப்பு குறுகல், விரிச்சே ஆகணும்"னு யாராவது அழகை மட்டும் காரணம் காட்டினா, அவசரப்படாம நின்னு கேளுங்க.

அப்புறம் ஈறு. சித்தி கேட்டது இதைத்தான். சிரிக்கும்போது ஈறு தெரியிறதுக்கு ஒரே காரணம் கிடையாது. மேல் உதடு நீளம் கம்மியா இருக்கலாம். உதட்டுத் தசை அதிகமா மேல ஏறலாம். மேல் தாடை எலும்பே நீளமா வளர்ந்திருக்கலாம். முன்பல் கீழ இறங்கி ஈறையும் கூட இழுத்துக்கிட்டு வந்திருக்கலாம். ஈறு பல்லை மூடிக்கிட்டு இருக்கலாம். கிளிப் உதவுறது இதுல சிலதுக்குத்தான். எலும்பு நீளமா இருந்தா கிளிப் மட்டும் போட்டு எதுவும் ஆகாது.

இன்னொண்ணும் சித்திக்குச் சொல்லணும். ஈறு தெரியிறது குத்தமே இல்லை. 1984ல வந்த ஒரு ஆய்வுல, சுமார் 11 சதவீதம் பேருக்குச் சிரிக்கும்போது பல் முழுசும் தெரிஞ்சு அதுக்கு மேல ஈறும் பட்டையாத் தெரிஞ்சது. 69 சதவீதம் பேருக்கு நடுத்தரம். 20 சதவீதம் பேருக்குப் பல்லே கொஞ்சம்தான் தெரிஞ்சது. ஈறு தெரியிறது ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். உடம்பு வாகு, அவ்வளவுதான்.

இப்ப நான் ரொம்ப சந்தோஷப்பட்ட ஒரு ஆய்வுக்கு வர்றேன்.

1999ல வின்சென்ட் கோகிச்னு ஒரு கிளிப் டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு வேலை பண்ணாங்க. சிரிப்புப் படங்களை வேணும்னே கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, கிளிப் டாக்டருங்ககிட்ட, சாதாரணப் பல் டாக்டருங்ககிட்ட, பொதுமக்கள்கிட்ட காட்டினாங்க. மேல்பல்லோட நடுக்கோடு 4 மில்லிமீட்டர் நகர்ந்திருந்ததை கிளிப் டாக்டருங்க மட்டும்தான் குறைன்னு சொன்னாங்க. மத்த ரெண்டு கூட்டத்துக்கும் அது உறுத்தவே இல்லை! ஈறு 2 மில்லிமீட்டர் தெரிஞ்சதுமே கிளிப் டாக்டருங்க மதிப்பெண்ணைக் குறைச்சாங்க. பொதுமக்கள் 4 மில்லிமீட்டர் வரைக்கும் கண்டுக்கலை. ஆனா முன்பல் சாஞ்சு நிக்கிறது மட்டும் எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான். கண்ணாடி முன்னாடி நின்னு நீங்க தேடித் தேடிக் கண்டுபிடிக்கிற குறைங்கள்ல முக்கால்வாசி எதிர்ல நிக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. காலேஜ் போற தங்கச்சிங்க இதை ரெண்டு தடவை படிங்க.

அழகுக்கு ஒரே அளவுகோல் வேணும்னு தேடினது நாம மட்டும் இல்லை. மேல சொன்ன ஆங்கிள் டாக்டரே அப்படித் தேடினவர்தான். கிரேக்கர்களோட அப்போலோ சிலை முகத்தை லட்சிய முகமா நினைச்சவர். எட்மண்ட் வியூர்பெல்னு ஒரு ஓவிய ஆசிரியர்கிட்ட, முக அழகுக்கு ஒரு விதி சொல்லுங்கன்னு கேட்டார். அப்படி ஒரு விதியே கிடையாது, முகத்துக்கு முகம் மாறும்னு அவர் சொல்லிட்டார். பல்லை அளந்து அளந்து பழகின டாக்டருக்கு ஓவியர்தான் பாடம் நடத்தியிருக்கார்.

நம்ம ஆளுங்க இதை நல்லா நினைவு வெச்சுக்கணும். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து தாடையை அளக்கிறாங்களே, அதுக்கு டவுன்ஸ்ங்கிற கிளிப் டாக்டர் 1948ல கொடுத்த அளவும், ஸ்டைனர்ங்கிறவர் 1953ல கொடுத்த அளவும் வெள்ளை அமெரிக்கர்களை வெச்சு வந்தது. நம்ம உதடு கொஞ்சம் தடிப்பா, கொஞ்சம் முன்னால இருக்கிறது இயல்பு. அந்த அளவுக்கு இழுத்துப் பிடிச்சா, பல் பின்னால போய் உதடு தட்டையாகி, முகமே களையிழந்துடும். நல்ல டாக்டருங்க இதைத் தெரிஞ்சுதான் வேலை பண்றாங்க. நாமதான் வேற யாரோட படத்தையோ போன்ல காட்டி "இப்படி வேணும்"னு நிக்கிறோம்.

ஜப்பான்ல கோரைப்பல் கொஞ்சம் தூக்கி இருக்கிறதை யாயெபான்னு கொஞ்சுவாங்க. 2011 வாக்குல அதைச் செயற்கையா ஒட்டிக்கிறதே அங்க ஒரு ஃபேஷன் ஆச்சு. நாம தெத்துப்பல்னு சொல்லி சரி பண்ணப் போறதை அங்க காசு கொடுத்து வெச்சுக்கிட்டாங்க!

அவ்வளவு தூரம் எதுக்கு? திருத்தணியில ரயில் ஏறி அரக்கோணம் தாண்டினா திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் இறைவனோட ஆட்டத்தைப் பார்த்துப் பாடின இடம். அவங்க தன்னோட அழகை வேண்டாம்னு உதறி, பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்கன்னு சொல்லுது புராணம். அவங்க பதிகத்துல வர்ற பெண் பேய்க்கு நீண்டு தெரியிற பல்லு. சோழர் காலத்து வெண்கலத்துல எலும்பும் தோலுமா உட்காந்து தாளம் போடுற அம்மையாரை உலகமே மியூசியத்துல நின்னு கும்பிடாத குறையாப் பார்க்குது. இப்படி ஒருத்தரைக் கொண்டாடுற மண்ணுல ஒரு சின்னப் பிள்ளையை வாயை மூடச் சொல்றோமேன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு.

அதுக்காகச் சிகிச்சையே வேண்டாம்னு நான் சொல்லலை. கண்டிப்பா வேணும். ஆனா காரணம் சரியா இருக்கணும்.

முன்பல் 3 மில்லிமீட்டருக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா, விழுந்தா அடிபட்டா அந்தப் பல் உடையிற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க சொல்றாங்க. ஓடியாடுற வயசுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? கேலியும் அப்படித்தான். பிரிட்டன்ல 8ல இருந்து 10 வயசுப் பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே ட்வின் பிளாக்னு ஒரு சாதனத்தை மாட்டி, 2003ல முடிவை வெளியிட்டாங்க. எலும்புல வந்த மாற்றம் கொஞ்சம்தான், பல் நகர்ந்ததுதான் அதிகம். ஆனா அந்தப் பிள்ளைங்க தங்களைப் பத்தி நினைக்கிற விதம் மேம்பட்டிருந்தது, கேலியால பட்ட கஷ்டமும் குறைஞ்சிருந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கலாம்"னு சொன்ன பெரியம்மாவுக்கு என் பதில் இதுதான். இன்னைக்கு ஸ்கூல்ல படுற வேதனைக்கு, பத்து வருஷம் கழிச்சு வர்ற மாப்பிள்ளைக்காக ஏன் காத்திருக்கணும்?

ட்வின் பிளாக்னா மேலே ஒண்ணு கீழே ஒண்ணு கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் தகடு. வில்லியம் கிளார்க்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் 1977ல உருவாக்கினது. வாயை மூடினா கீழ் தாடை முன்னால வந்துதான் ஆகணும். என் அக்கா பொண்ணுக்கு இதைத்தான் போட்டிருக்காங்க. முதல்ல பேச்சு குழறிச்சு, எச்சில் ஊறிச்சு. அப்புறம் பாடப் புத்தகத்தைச் சத்தமா வாசிக்க வெச்சோம், நாக்கு பழகிடுச்சு. (வீட்டுல எல்லாருக்கும் சமூக அறிவியல் மனப்பாடம் ஆயிடுச்சு.)

டாக்டர்கிட்ட போகும்போது உதவின ஒரு விஷயம் சொல்றேன். போட்டோ எடுத்துப் பார்த்தேன், அவ உதட்டை இறுக்கிட்டா. "சிரி"ன்னு சொல்லி எடுத்தேன், பொய்ச் சிரிப்பு. கடைசியில அவ தம்பியைப் பத்திப் புகார் சொல்லச் சொல்லிட்டு வீடியோ எடுத்தேன். சொல்லிக்கிட்டே குபீர்னு சிரிச்சா பாருங்க, அதுல எல்லாம் தெரிஞ்சது. பேசும்போது எவ்வளவு பல், சிரிக்கும்போது எவ்வளவு ஈறு, உதடு எங்க மாட்டுது, எல்லாமே. டாக்டரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. நீங்களும் எடுத்துக்கிட்டுப் போங்க.

அங்க போய்க் கேட்க வேண்டிய கேள்விங்க:

இது பல் பிரச்சனையா, தாடைப் பிரச்சனையா?
பல் எடுக்கணுமா? எடுத்தா உதடு எவ்வளவு உள்ள போகும்?
இப்ப இருக்கிற சிரிப்புல எது நல்லா இருக்கு, எதைத் தொடாம விடப் போறீங்க? (இந்தக் கேள்வியை மறக்காதீங்க.)
கிளிப் கழட்டின பிறகு, பல் நகராம பிடிச்சு வைக்கிற ரிடெய்னரை எத்தனை நாள் போடணும்?

கடைசிக் கேள்விக்குப் பதில், நீங்க நினைக்கிறதை விட ரொம்ப நாள். ரிடெய்னரை டப்பாவுல பூட்டி வெச்சா பல்லு பழைய இடத்துக்குக் கிளம்பிடும்.

வயசு விஷயம் ரொம்ப முக்கியம். 7 வயசு வாக்குல ஒரு தடவை கிளிப் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. உடனே எதையும் மாட்ட மாட்டாங்க, பார்த்து வெச்சுக்குவாங்க. மேல் தாடை பின்தங்கின கிளாஸ் த்ரீ பிள்ளைங்களுக்கு முகத்துல மாட்டி இழுக்கிற சாதனம் 10 வயசுக்குள்ள நல்லா வேலை செய்யும். கீழ் தாடை பின்தங்கினவங்களுக்கு, வளர்ச்சி வேகமா இருக்கிற வயசுதான் சரியான நேரம். வளர்ச்சி நின்னுட்டா, தாடை வித்தியாசம் பெருசா இருந்தா, கிளிப்போட அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

கிளிப் போட்டவங்க கரும்பைக் கடிக்காதீங்க. நம்ம பக்கம் இது கஷ்டம்தான், ஜூஸா குடிச்சுக்கோங்க, குடிச்சதும் வாயைக் கொப்பளிங்க. முறுக்கும் கடலை மிட்டாயும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். பிரஷ் சரியா பண்ணலைன்னா, கிளிப் கழட்டும்போது பல்லு மேல வெள்ளை வெள்ளையாத் தழும்பு நிக்கும்.

தயவு செஞ்சு வீடியோ பார்த்து, பல் சந்தை மூடுறேன்னு ரப்பர் பேண்ட் மாட்டாதீங்க. அது வழுக்கி ஈறுக்குள்ள ஏறி, வேரைப் பிடிச்சிருக்கிற எலும்பையே கரைச்சு, நல்ல பல்லே ஆடி விழுந்துடும். கம்பிக்குப் பதிலா மாட்டுற அலைனரைத் தபால்ல அனுப்புறோம்னு அமெரிக்காவுல பெருசா நடந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பர்ல கடையை மூடிடுச்சு. பாதி சிகிச்சையில இருந்தவங்க நடுத்தெருவுல நின்னாங்க. நேர்ல வாயைத் திறந்து பார்க்காத சிகிச்சையை நம்பாதீங்க.

செலவுக்குப் பயந்து விட்டுடாதீங்க. தனியார் கிளினிக் ஒண்ணுதான் வழின்னு இல்லை. சென்னையில 1953ல தொடங்கின தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, கிளிப் சிகிச்சைக்குத் தனிப் பிரிவே உண்டு. திருத்தணியில இருந்து புறநகர் ரயில்ல சென்ட்ரல்ல இறங்கினா பக்கம்தான். கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், மாசா மாசம் போகணும். அதுக்குத் தயாரா போங்க.

உங்க வீட்டுல பல் மாறுற வயசுல ஒரு பிள்ளை இருந்தா, இந்த வாரமே பகல் வெளிச்சத்துல உட்கார வெச்சு, கடைவாயைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, முன்னாடி இருந்தும் பக்கவாட்டுல இருந்தும் பாருங்க. கீழ்பல் முன்னால வருதா, மேல்பல் ரொம்ப நீட்டுதா, முன்பல் தொடாம நிக்குதா, மேல்பல் கீழ்பல்லை மூடிடுதா? ஏதாவது ஒண்ணு இருந்தா அடுத்த லீவு நாள்லயே டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க. சரியாகிற வரைக்கும், பிள்ளை எப்படிச் சிரிக்குதோ அப்படியே படம் எடுங்க.